மெல்லிசாகப் போடுகிற பொலிஷ்

சேலக் என்கிற அரக்குப் பொலிஷைக் குறை சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கையில் ஒட்டுகிறது என்பார்கள். மாரியில் வெளுத்துப் போகிறது என்பார்கள். தேத்தண்ணிக் கோப்பை வைத்தால் வட்டம் விழுகிறது என்பார்கள். கடைசிக் குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் இரண்டும் பூசியவனைச் சேர வேண்டிய பழி. பழுதாகிப்போன போத்தலில் இருந்து ஊற்றியிருப்பான், அல்லது பெயின்ட் அடிப்பதைப் போலத் தடிப்பாக இழுத்திருப்பான், அல்லது மழை இருட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் அவசரப்பட்டிருப்பான்.

கல்முனையைச் சுற்றியுள்ள இந்தக் கரையோர ஊர்களில் ஓடாவி வேலை வேறு, கடைச்சல் வேலை வேறு. ஓடாவியார் கட்டிலைச் செய்வார், அதன் காலை எங்கள் பட்டறையில் கடைந்து வாங்கிப் போவார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிக்கிற ஊர்கள் இவை. வீட்டோடு கட்டிலும் அலுமாரியும் சேர்ந்து போகும், ஒரு வருசம் ரெண்டு வருசத்தில் தொட்டிலுக்கு ஆள் வரும். இவை போக, பள்ளிவாசலில் பிரசங்க மேடையான மிம்பரின் பக்கக் கிராதிக்குக் குத்துக்கால்கள், ஜும்ஆவில் கதீப் கையில் பிடிக்கிற அஸாக்கோல், வயசானவர்களின் ஊன்றுகோல், மருதமுனைத் தறிகளுக்கு நூல் சுற்றும் கட்டை, பொல்லடி ஆட்டக்காரருக்குக் களிகம்பு. வாப்பாவின் ஓடர் கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் இவைதான் மாறி மாறி வரும். ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை கை படுகிற சாமான்கள். தண்ணீர் படுகிறவை மிகக் குறைவு. சேலக்கின் இடம் அதுதான்.

சேலக் என்பது அரக்கு. அரக்கு ஒரு பூச்சியின் உழைப்பு. கெரியா லக்கா என்று விஞ்ஞானப் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுள்ள குஞ்சுகள் இளங்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றைக் குடித்து, தம்மைச் சுற்றிப் பிசினால் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கிளையை வெட்டினால் கொம்பரக்கு. அதைச் சுரண்டி நொறுக்கிக் கழுவி, உருக்கி வடித்து, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் நாங்கள் கடையில் வாங்கி ஸ்பிரிட்டில் கரைக்கிற செதில். இந்தியாவில் ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளில் இருந்துதான் பெரும்பங்கு வருகிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924 இல் அரக்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் கிராமபோன் தட்டுக்கும் இதே பிசின்தான் பசை. 1948 இல் வைனில் நீள்தட்டு வந்த பிறகுதான் பாட்டுக்காரர்களுக்கு அரக்கு தேவைப்படாமல் போனது. எங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

இலங்கையில் அரக்குக் கைவினை என்றதும் மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடவையும், அம்பாந்தோட்டை மாவட்டத்து அங்கல்மடுவவையும் சொல்லாமல் போக முடியாது. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்தக் கைவினைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அந்த ஊர்களின் கடைச்சல்காரர்கள் அரக்கை எதிலும் கரைப்பதில்லை. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலுகிற மரத்தில் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அது உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு தாளிப்பனை ஓலைத் துண்டால் அழுத்தி ஓட்டினால் கண்ணாடி மாதிரி மினுங்கும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிறவர்களும் இதே முறைதான். ஸ்பிரிட் வேண்டாம், காயவிடவும் வேண்டாம், மரத்தைக் கழற்றும்போதே வேலை முடிந்திருக்கும். எங்கள் முறையைவிட அது பழையது, கெட்டித்தனமானதும்கூட என்பதுதான் என் கணிப்பு. ஆனால் அது மரத்தை மூடிவிடும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் தெரியும், மரத்தின் ரேகை தெரியாது. கட்டிலுக்கு முதிரை போட்டவர் முதிரை தெரிய வேண்டும் என்பார். ஆகவே எங்களுக்கு ஸ்பிரிட்தான்.

முதிரை இந்தப் பக்கத்து மரங்களில் ராசா. கடைந்து முடிக்கும்போதே பட்டு மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் சொறியும், தடிக்கும். முழுக்கைச் சேட்டும் முகமூடியும் போடாமல் முதிரைக்கு அரத்தாள் போடாதீர்கள். அந்த மரத்துக்கு வெளிர் நிறச் செதிலைத்தான் எடுக்க வேண்டும். கடுஞ்சிவப்புச் செதிலைப் போட்டால் பொன்னிறம் செத்துப்போய், யாரோ மலிவு மரத்துக்குச் சாயம் அடித்தது போலாகிவிடும். அந்தக் கடுஞ்சிவப்பை மகோகனிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. சில வார்னிஷ்கள் அதன்மேல் நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். ஸ்பிரிட் தோய்த்த சீலையால் முதலில் துடைத்துவிட்டு, மெல்லிசாக ஒரு சேலக் பூச்சுப் போட்டு மறித்துவிட்டால், அதற்கு மேலே பெரும்பாலான பூச்சுகளை நிம்மதியாக அடிக்கலாம். சீலர் என்று நாங்கள் சொல்வதன் முழு வேலையும் இதுதான். கீழே உள்ள எண்ணெயையும் பிசினையும் மேலே வரவிடாமல், மேலே போடுகிற பூச்சை மரம் குடித்துத் தீர்க்கவிடாமல், நடுவில் நின்று மறிப்பது.

கடைந்த சாமானுக்கு இது தட்டையான பலகையைவிட முக்கியம். பலகையில் ரேகை ஒரே போக்கில் ஓடும். கடைந்த காலில் ஒவ்வொரு உருண்டையிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் மரத்தின் வெட்டுவாய் திறந்து கிடக்கும். அந்த இடம் குடிக்கிற அளவுக்கும் பக்கவாட்டு குடிக்கிற அளவுக்கும் ஏழாம் பொருத்தம். சீல் பண்ணாமல் நேரே பொலிஷ் போட்டால், ஒரே காலில் ஓரிடம் கறுத்தும் இன்னோரிடம் வெளிறியும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அளவு சொல்கிறேன். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில். இது மேற்பூச்சுக்குப் போதும். சீலருக்கு அதில் பாதி, 60 கிராம். 240 கிராம் வரை போடுகிற பொலிஷ்காரரும் உண்டு, தட்டையான மேசைப் பலகையில் பஞ்சுப் பொட்டணியை ஓட்டிப் பழகிய கைக்கு அது சரிவரும். கடைச்சலில் அது உருண்டைகளுக்கு இடையில் தேங்கி நின்று சதி பண்ணும். செதிலை உடைத்துப் போட்டுப் போத்தலை அடிக்கடி குலுக்கி ஓரிரவு விட்டால் கரைந்துவிடும். அவசரத்துக்கு அடுப்பில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிட் நெருப்பைத் தேடிப் பிடிக்கிற சாமான், அந்த விளையாட்டு வேண்டாம். இரும்பு டின்னிலும் வைக்காதீர்கள். சேலக்கில் அமிலத்தன்மை உண்டு, இரும்பு பட்டால் கறுத்துவிடும். கண்ணாடிப் போத்தல் நல்லது.

அரத்தாள் 120 இல் தொடங்கி 180, 240 என்று ஏறிய பிறகு கடைச்சல் மெசினை நிப்பாட்டிவிட்டு முதல் பூச்சு. மரம் வேண்டிய மட்டும் குடிக்கட்டும், மீதியைத் துடைத்துவிடுங்கள். சில நிமிசத்தில் காய்ந்துவிடும். தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். மரத்தின் நார்கள் நிமிர்ந்து அப்படியே விறைத்துப் போயிருக்கும், அதுதான் வேண்டியது. இப்போது 320 தாளை மெதுவாகக் காட்டினால் அந்த நார்கள் ஒடிந்து விழும். வெள்ளைத் தூளைத் துடைத்துவிட்டு ரெண்டாவது பூச்சு. “மெல்லிசாப் போடு மகன், மரம் குடிக்கிறத்துக்கு மேல குடுக்காத” என்று வாப்பா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது பட்டறைக்கு வருகிற பொடியன்மாரிடம் அதையே நான் சொல்கிறேன், அவர்களுக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மினுக்கு வேண்டுமென்றால் கடைசியில் மெசினைச் சுழலவிட்டுப் போடுகிற பூச்சு. சேலக்கில் சில துளி ஆளிவிதை எண்ணெய் சேர்த்து, சின்னச் சீலைத் துண்டில் தோய்த்து, சுழலுகிற மரத்தின் அடிப்பக்கத்தில் இருந்து லேசாக அழுத்த வேண்டும். உரசலில் சூடேறி ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு இளகி மட்டமாகும், எண்ணெய் சீலை இழுபடாமல் காக்கும். துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பழைய மருதமுனைச் சாரன் துண்டை விட நல்ல சீலை இந்த வேலைக்கு நான் கண்டதில்லை. பஞ்சு உதிராது. ஆனால் ஒன்று. எந்தக் காரணம் கொண்டும் சீலையை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மெசின் இழுத்தால் சீலையோடு விரலும் போகும். இழுத்தால் கையை விட்டுப் போகிற மாதிரிச் சின்னத் துண்டு, அதையும் நுனியில் மட்டும் பிடிக்க வேண்டும்.

இனி வானிலை. வெளியூரில் அச்சடித்த பொலிஷ் புத்தகங்களில் எழுதியிருப்பது இந்தக் கரைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ரெண்டு காலம்தான். கார்த்திகையில் இருந்து தைவரை மாரி, வாடைக்காற்று, காற்றிலேயே தண்ணீர் நிற்கும். ஸ்பிரிட் மளமளவென்று ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. பால் ஊற்றியது போல் வெளுப்பது அதனால்தான். தண்ணீர் கலந்த நயமற்ற ஸ்பிரிட் என்றால் கேட்கவே வேண்டாம், வெயில் காலத்திலும் வெளுக்கும். மாரியில் நான் முற்பகல் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் போத்தலைத் திறப்பேன். மழை இருட்டினால் மூடிவிடுவேன். வெளுத்துவிட்டால் சுரண்டத் தேவையில்லை. நல்ல ஸ்பிரிட்டைப் பொட்டணியில் ஈரம் தெரியாத அளவுக்குத் தொட்டு ஒரு தடவை லேசாக ஓட்டினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறும், வெளுப்புப் போய்விடும். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இதற்கு நேர்மாறு. சீலை மரத்தைத் தொட்டு மீள்வதற்குள் காய்ந்து இழுபடும். அதோடு மணலும் பறந்து வரும். அந்தக் காலத்தில் எண்ணெய்த் துளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், காற்றுப் பக்கத்துக் கதவைச் சாத்த வேண்டும். ஆனாலும் வேகமாகக் காய்வது ஒரு வகையில் எங்களுக்கு நல்லது. மணிக்கணக்கில் ஈரமாகக் கிடக்கிற வார்னிஷில் எவ்வளவு மணல் வந்து ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிவாசல் வேலைக்குப் போனால் வேறு வகைக் கேள்விகள் வரும். “இது பூச்சியில இருந்து எடுக்கிறதாமே காக்கா?” “ஸ்பிரிட் எண்டா அது சாராயம்தானே?” பத்வா கொடுக்க நான் ஆலிம் இல்லை. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுவேன். பிசின் பூச்சி சுரப்பதுதான். ஸ்பிரிட் குடிக்க முடியாதபடி மெதனோல் கலந்த மதுசாரம், காய்ந்த பிறகு மரத்தில் அது தங்காது. மிச்சத்தை அவர்கள் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சரி என்றுதான் திரும்பி வருவார்கள். ஒரு நிர்வாகத்தினர் மட்டும், மிம்பருக்கு ஸ்பிரிட் மணக்கிற எதுவும் வேண்டாம் என்று உறுதியாக நின்றார்கள்.

அதற்கும் வழி இருக்கிறது. அரக்கு மதுசாரத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும். சுடுதண்ணீரில் வெங்காரத்தைக் கரைத்து, அதில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டினால் கரைந்துவிடும். செதில் ஐந்து பங்கென்றால் வெங்காரம் ஒரு பங்கு. மணம் இல்லை, தீப்பிடிக்கிற பயமும் இல்லை. கரைசல் கொஞ்சம் கறுப்பாக வரும், காய நேரம் எடுக்கும், தண்ணீர் என்பதால் மரத்தின் நார் இன்னும் முரட்டுத்தனமாக எழும்பும். முதல் பூச்சுக்குப் பிறகு அரத்தாள் வேலை ரெட்டிப்பு. அந்த மிம்பரின் குத்துக்கால்கள் முழுவதையும் அப்படித்தான் முடித்துக் கொடுத்தேன். கூலி அதே கூலிதான். ஆனால் யாராவது மீண்டும் கேட்டால் கூட்டித்தான் சொல்லுவேன்.

பூச்சி என்று அருவருப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்வதுண்டு. மாத்திரைக்கும் மினுங்குகிற மிட்டாய்க்கும் மேலே பூசுகிற ஈ904 என்பது இதே சேலக்தான். அதனால்தான் தொட்டில் கம்பிக்கும் கிலுகிலுப்பைக்கும் வேறெதையும் பூச எனக்கு மனம் வருவதில்லை. பல் முளைக்கிற பிள்ளை முதலில் வாய் வைப்பது தொட்டில் கம்பியில்தான். ஸ்பிரிட் முழுதாகப் பறக்கச் சில நாள் காற்றாட வைத்துக் கொடுத்தால் போதும்.

களிகம்பு வேறு கதை. ஒன்றோடொன்று அடிபடுகிற கம்பில் எந்தப் பூச்சும் தடிப்பாக நிற்காது. சேலக் இறுகினால் நொறுங்குகிற சாதி. அடிபட்ட இடத்தில் செதில் செதிலாகக் கழன்றுவிடும். ஆகவே சீலர் மட்டும், அதையும் மரத்துக்குள் இறங்கும்படி ஒரே பூச்சு, மேலே தேன்மெழுகு. கை வியர்த்தாலும் வழுக்காது. பொல்லடி பழக்குகிற அண்ணாவியார்மார் கம்பின் சத்தத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், மினுக்கை அவர்கள் கணக்கிலெடுப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பதுதான் சரி.

இப்போது தளபாடக் கடைகளில் எல்லாம் நைட்ரோசெலுலோஸ் சீலரும் லாக்கரும்தான். தின்னர் கலந்து ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கிறார்கள். நாளுக்குப் பத்துக் கட்டில் போகிற இடத்தில் அது நியாயம். நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த மணத்தைப் பூட்டிய அறைக்குள் நின்று இழுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. சேலக்கின் மேல் பொலியூரித்தேன் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சாதாரண செதிலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை மெழுகு இருக்கும். பொலியூரித்தேன் அந்த மெழுகில் பிடிக்காது. மெழுகெடுத்த செதில் கிடைக்காவிட்டால் போத்தலை ஆடாமல் வைத்து, மெழுகு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுங்கள்.

தேத்தண்ணி வட்டத்துக்கு வருவோம். சூடும் ஈரமும் சேர்ந்தால் சேலக் தோற்கும். அமோனியா கலந்த துப்புரவுத் திராவகமும் சவர்க்காரக் காரமும் அதை அரிக்கும். சாப்பாட்டு மேசை, குசினித் தட்டு, வுளூச் செய்கிற இடத்துக் கைபிடி, வெயிலும் மழையும் படுகிற வாசல் தூண், இவற்றுக்குச் சேலக் கேட்டு வந்தால் ஓடரை வாங்க மாட்டேன். ஆனால் வட்டம் விழுந்த அலுமாரித் தட்டை யாராவது கொண்டுவந்தால் எனக்கு அது அரைமணி வேலை. புதுச் சேலக் பழைய சேலக்கை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. லாக்கரைத் தவிர, இன்று கடையில் விற்கிற மற்றப் பூச்சுகளில் பெரும்பாலானவற்றைச் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பழையதோடு இளகிச் சேருகிற சேலக்கின் இந்தக் குணம் பெரிதும் கைகொடுத்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் எடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். மணலுக்குள் இருந்து தோண்டியெடுத்த கட்டில் காலையும் அலுமாரிக் கதவையும் சனங்கள் கொண்டுவந்து வைத்தார்கள். கடல் உப்பு மரத்துக்குள் ஊறியிருந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் எதை அடித்தாலும் சில கிழமையில் மங்கி உரியும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, நிழலில் அடுக்கி, அடுத்த கச்சான் வரும்வரை காயவிட்டவை தப்பின. பழைய சேலக் மிஞ்சியிருந்த சாமான்களில் ஸ்பிரிட்டால் இளக்கி மெல்லிசாக மேலே போட்டாலே மரம் திரும்பத் தெரிந்தது. அவசரப்பட்டு அடித்தவற்றை அடுத்த மாரி உரித்துவிட்டது.

புதிதாகத் தொடங்குகிற பொடியன்மாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கரைத்த சேலக் போத்தலுக்குள்ளேயே கிழடாகும். அரக்கில் உள்ள அமிலம் ஸ்பிரிட்டோடு மெல்ல மெல்லச் சேர்ந்து, கடைசியில் எத்தனை நாள் போனாலும் இறுகாத பிசினாகிவிடும். எங்கள் சூட்டில் அது இன்னும் சுருக்காக நடக்கும். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை நம்ப வேண்டாம். செதிலும் அப்படித்தான், வெக்கையில் கட்டியாகி ஒட்டிப்போனால் பிறகு சரியாகக் கரையாது. ஆகவே ஒரு வேலைக்கு வேண்டிய அளவை மட்டும் கரையுங்கள், போத்தலில் திகதி எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு அடுத்த நாள் காலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்தப் போத்தலை எவருடைய கட்டிலுக்கும் கொண்டு போகாதீர்கள்.